"யார்?" என்று கேட்பதை நிறுத்துவோம், "ஏன்?" என்று கேட்போம்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. பசியாறிவிட்டு நிதானமாகப் படியுங்கள். நாங்கள் சொல்லப்போவது ஆலயத்துக்கு மட்டும் இல்லை, வீட்டுக்கும் வேலை இடத்துக்கும் சேர்த்துத்தான்.

ஆலய வாட்ஸ்அப் குழுவில் ஒரு சிக்கல் வெடித்தால் முதலில் வந்து விழும் கேள்வி எது? "யாரு செஞ்சது?" அடுத்தது, "யாரு பொறுப்பு?" அதற்கும் அடுத்தது, "யாரைக் கேட்டுச் செஞ்சாங்க?" பிறகு ஒரு குரல் பதிவு வரும். அதற்குப் பதிலாக இன்னொரு குரல் பதிவு. ராத்திரி 11 மணிக்குள் இரண்டு பேர் குழுவை விட்டு வெளியேறி இருப்பார்கள். மறுமாதம் அதே சிக்கல் அப்படியே திரும்பி வரும். அதைச் சமாளிக்க நான்கு கைகள் குறைந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டிலும் இதே கதைதான். "யாரு கேட்டைப் பூட்டாம விட்டது?" "உன்னாலதான் இன்னைக்கும் லேட்டு." கேட்டு முடித்ததும் மனசு கொஞ்சம் ஆறும். மறுநாள் காலை மறுபடியும் லேட்டு.

எங்கள் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறோம். "யார்?" என்று கேட்டால் நமக்கு ஒரு ஆள் கிடைப்பார். தீர்வு கிடைக்காது. தீர்வு வேண்டும் என்றால் "ஏன்?" என்று கேட்கவேண்டும். அதையும் வாய்க்கு வந்தபடி கேட்காமல், ஒரு வரிசையாக, கையில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு கேட்கவேண்டும். இந்தப் பழக்கம் இல்லாததால் நம் ஆலயங்கள் நல்ல தொண்டூழியர்களை இழந்துகொண்டிருக்கின்றன.

வேலையில் செய்கிறோம், வெளியே வந்ததும் மறந்துவிடுகிறோம்

வேடிக்கை என்னவென்றால், நம்மில் பல பேருக்கு இந்தப் பழக்கம் ஏற்கனவே இருக்கிறது. வேலைக்குள் நுழைந்ததும் அதை எடுத்து மாட்டிக்கொள்கிறோம். ஷிப்ட் முடிந்ததும் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கியது. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களில் எத்தனையோ அம்மாக்களும் அத்தைகளும் தொழிற்சாலை பஸ் ஏறி ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். 1982-இல் அரசாங்கம் கிழக்கை நோக்கும் கொள்கையைக் கொண்டு வந்தது. ஜப்பானியரின் வேலை முறையைப் பாருங்கள், கற்றுக்கொள்ளுங்கள் என்றது. ஜப்பானில் 1962-இல் தொடங்கிய தரக் கட்டுப்பாட்டு வட்டம் இங்கேயும் வந்தது. ஒரே லைனில் வேலை செய்யும் சில பேர் ஒன்றாக உட்கார்ந்து, தங்கள் லைனில் உள்ள சிக்கலைத் தாங்களே பேசி, எழுதி, தீர்ப்பார்கள். இன்று பிறையிலோ பாயான் லெப்பாஸிலோ தொழிற்சாலையில் இருக்கும் தம்பிகளிடம் "8டி" என்று சொல்லிப் பாருங்கள். முகம் கொஞ்சம் சுளிக்கும், ஆனால் எட்டுப் படிகளையும் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். ஃபோர்டு கார் கம்பெனி 1987-இல் எழுதி வைத்த முறை அது.

"ஏன்?" என்று ஐந்து தடவை கேட்கும் பழக்கம் டொயோட்டாவிலிருந்து வந்தது. அங்கே பெரிய பொறுப்பில் இருந்த தாய்ச்சி ஓனோ ஒரு உதாரணம் சொல்வார். ஒரு இயந்திரம் நின்றுபோகிறது. ஏன்? பாரம் கூடி ஃபியூஸ் போய்விட்டது. ஏன் பாரம் கூடியது? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் இரும்புத் தூள் உள்ளே போய்விட்டது.

முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் ஃபியூஸை மாற்றிவிட்டு, இயந்திரத்தை ஓட்டியவரைத் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அடுத்த வாரம் மறுபடியும் ஃபியூஸ் போயிருக்கும், மறுபடியும் திட்டு விழுந்திருக்கும். ஒரு வடிகட்டி போட்டதும் கதை முடிந்தது. அந்த ஐந்து கேள்விகளில் ஒன்றிலாவது "யார்?" இருக்கிறதா, பாருங்கள்.

எங்கள் ஆலயத்தில் நடந்தது

பௌர்ணமி அன்னதானம். வரிசையின் கடைசியில் நிற்பவர்களுக்குச் சோறும் ரசமும்தான் மிஞ்சும். கூட்டு, பாயசம் எல்லாம் காலி. அதே நேரம் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தொட்டியில் சாப்பிடாமல் கொட்டிய சோறு நிறைந்து கிடக்கும். ஒரு பக்கம் பற்றாக்குறை, இன்னொரு பக்கம் விரயம்.

குழுவில் வந்த பேச்சு என்ன? "சமையல்கட்டுல அளவு தெரியாம சமைக்கிறாங்க." "பரிமாறுறவங்க சொந்தக்காரங்களுக்கு எடுத்து வைக்கிறாங்க." சமையல்கட்டில் இருபது வருஷமாகக் கரண்டி பிடித்த ஒரு அக்கா அந்தக் குரல் பதிவைக் கேட்டார். அடுத்த பௌர்ணமிக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தம்பியும், ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் ஒரு தங்கையும், சமையல்கட்டு அண்ணன் ஒருவரும் மண்டபத்தில் ஒரு தாளை விரித்து உட்கார்ந்தார்கள். அவர்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறோம். உங்கள் வீட்டுக்கும் இதே வரிசை உதவும்.

1. சிக்கலை ஒரே வரியில் எழுதினார்கள். "பௌர்ணமி அன்னதானத்தில் இரவு 9 மணிக்கு மேல் வருபவர்களுக்குக் கூட்டும் பாயசமும் கிடைப்பதில்லை, அதே இரவில் சோறு குப்பைக்குப் போகிறது." அந்த வரியில் யார் பெயரும் இல்லை. எங்கே, எப்போது, என்ன என்பது மட்டும் இருந்தது. பெயர் இருந்தால் அது புகார் ஆகிவிடும் என்றார் அந்தத் தங்கை.

2. உடனடியாக ஒரு கட்டுப் போட்டார்கள். கடைசி வரிசைக்கு என்று ஒரு பாத்திரம் கூட்டை முதலிலேயே தனியாக மூடி வைத்தார்கள். இது நோய்க்கு மருந்து இல்லை, ரத்தத்தை நிறுத்தும் கட்டு. காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை பசியோடு வந்தவர் காத்திருக்க முடியாது இல்லையா?

3. போய்ப் பார்த்தார்கள். அடுத்த பௌர்ணமிக்கு ஒருவர் வரிசையின் தொடக்கத்தில் நின்றார், இன்னொருவர் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். யாரையும் ஒன்றும் சொல்லவில்லை, எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தார்கள். குழுவில் உட்கார்ந்து ஊகித்தவர்கள் ஒருவருக்கும் தெரியாத இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, முதல் அரை மணி நேரத்தில் நிறைய பேர் டப்பா கொண்டு வந்து தாப்பாவ் கட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு, உட்கார்ந்து சாப்பிடுபவர்கள் ஒரே தடவையில் தட்டு நிறைய வாங்கிக்கொண்டார்கள்.

4. பிறகு "ஏன்?" ஏன் தாப்பாவ்? வீட்டில் நடக்க முடியாத அம்மா, பாட்டி இருக்கிறார்கள், அவர்களுக்கும் அம்மன் பிரசாதம் போய்ச் சேரவேண்டும். ஏன் தேவைக்கு மேல் வாங்குகிறார்கள்? மறுபடி வரிசையில் நின்றால் கிடைக்காது என்ற பயம். ஏன் அந்தப் பயம்? இரண்டாவது தடவை போடுவோம் என்று யாரும் ஒருநாளும் அறிவித்ததில்லை. தாப்பாவுக்கு என்று தனி இடமோ நேரமோ இருந்ததும் இல்லை. பற்றாக்குறைக்கும் விரயத்துக்கும் வேர் ஒன்றுதான். அது பேராசை இல்லை, பயம்.

5. ஒரே ஒரு மாற்றத்தைச் செய்தார்கள், அதைச் சோதிக்க நாளும் குறித்தார்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கான பொட்டலத்துக்குப் பக்கவாட்டில் தனி மேசை. காலையிலேயே முகப்பிடத்தில் பெயர் கொடுத்துவிட வேண்டும். உட்கார்ந்து சாப்பிடுபவர்களுக்கு முதலில் சின்னக் கரண்டி. "எல்லாருக்கும் ரெண்டாவது தடவை உண்டு, பொறுமையாச் சாப்பிடுங்க" என்று மைக்கில் அறிவிப்பு. மூன்று பௌர்ணமிக்குப் பிறகு திரும்பவும் போய்ப் பார்ப்பது என்று முடிவு.

6. எழுதி வைத்தார்கள். மளிகைக் கடையில் கடன் எழுதும் சின்ன 555 புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? அதில் ஒன்று வாங்கி, சமையல்கட்டுக் கதவில் ஆணியடித்துத் தொங்கவிட்டார்கள். தேதி, என்ன நடந்தது, ஏன், என்ன மாற்றினோம். அடுத்த கமிட்டி வந்தாலும் புத்தகம் அங்கேயே இருக்கும்.

மூன்று பௌர்ணமி கழித்துப் பார்த்தபோது தொட்டியில் விழும் சோறு கண்ணுக்குத் தெரியும்படி குறைந்திருந்தது. எல்லாமே சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டோம். திருவிழாவை ஒட்டி வரும் பௌர்ணமியில் இன்னும் இடிக்கிறது, அதற்குத் தனித் தாள் போட்டிருக்கிறார்கள். அந்த அக்கா மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதும் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் குரல் பதிவை அழிக்கலாம், அதைக் கேட்ட மனசிலிருந்து அழிக்க முடியுமா? அவர் இன்னும் சமையல்கட்டுப் பக்கம் வரவில்லை. "யார்?" என்ற கேள்விக்கு நாம் கொடுக்கும் விலை இதுதான்.

"கவனமாக இருங்கள்" என்பது தீர்வு இல்லை

தொழிற்சாலையிலும் எல்லோரும் இதை ஒழுங்காகச் செய்வதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவசர அவசரமாக நிரப்பிய பாரத்தில் காரணம் என்ற இடத்தில் "ஆபரேட்டர் கவனக்குறைவு" என்று இருக்கும். தீர்வு என்ற இடத்தில் "மறுபயிற்சி அளிக்கப்பட்டது" என்று இருக்கும். அனுபவமுள்ள சூப்பர்வைசர் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஏனென்றால், அது "யார்?" என்ற பழைய கேள்விக்கே வேறு சட்டை மாட்டிவிட்டது.

நம் ஆலயங்களில் இதற்கு இணையான வாசகம், "இனிமேல் எல்லாரும் கவனமா இருங்க." மாதம் ஒருமுறை இந்தச் செய்தி வரும், கீழே பத்துப் பேர் கைகூப்பிய படம் போடுவார்கள். மனிதர் களைத்திருக்கும்போதும் கவனம் தப்பாமல் இருக்க எதை மாற்றினோம்? அதுதான் கேள்வி. பாதையில் கிடக்கும் மைக் கம்பியில் ஆள் தடுக்கி விழுந்தால், "பார்த்து நடங்க" என்பது அறிவுரை. கம்பியைச் சுவர் ஓரமாக இழுத்து ஒட்டுவது தீர்வு.

வீட்டில் எப்படி?

முதலில் ஒரு எச்சரிக்கை. வீட்டுக்குப் போய் மனைவியிடமோ கணவரிடமோ "ஏன்? ஏன்? ஏன்?" என்று ஐந்து தடவை கேட்காதீர்கள். அது விசாரணை. அன்றைக்கு ராத்திரி சோறு கிடைக்காது, நாங்கள் பொறுப்பு இல்லை. கேள்வி ஆளைப் பார்த்துப் போகக்கூடாது, விஷயத்தைப் பார்த்துப் போகவேண்டும். "நீ ஏன் தினமும் லேட்டு?" என்பதற்குப் பதில், "காலையில ஆறரைக்குள்ள நம்மளை எது பிடிச்சு வைக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்குச் சண்டை வரும். இரண்டாவதற்கு, "சாக்ஸ் தேடுறதுலயே பத்து நிமிஷம் போகுதுப்பா" என்று ஏழு வயசுப் பிள்ளைகூடப் பதில் சொல்லும்.

நம் பக்தர் குடும்பங்களில் உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. அம்மாவுக்கு இனிப்பு நீர். கிளினிக்கில் ரத்தத்தில் சர்க்கரை அளவு ஏறிக்கொண்டே போகிறது என்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் ஒரே குரலில், "அம்மா மருந்து ஒழுங்காச் சாப்பிடறதே இல்ல." அம்மா வாயைத் திறக்கமாட்டார்.

இப்போது நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். எந்த நாளில் மருந்து விட்டுப்போகிறது? செவ்வாயும் வெள்ளியும். ஏன்? அன்றைக்கு விரதம். விரதம் என்றால் ஏன் மருந்தை விடவேண்டும்? சாப்பாட்டோடு சாப்பிடச் சொன்ன மாத்திரை, சாப்பாடே இல்லாதபோது எப்படிச் சாப்பிடுவது என்று அம்மாவே முடிவு செய்துவிட்டார். ஏன் டாக்டரிடம் கேட்கவில்லை? "விரதம்னு சொன்னா திட்டுவாங்க." ஏன் அந்தப் பயம்? வீட்டில் ஏற்கனவே அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறார்.

பார்த்தீர்களா? "பொறுப்பில்லாத அம்மா" என்று தொடங்கிய விஷயம், பயந்து வாயை மூடிக்கொண்ட அம்மாவில் வந்து நிற்கிறது. இனிப்பு நீர் மாத்திரைகளில் சில, வெறும் வயிற்றில் எடுத்தால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். எடுக்காமலே விட்டால் ஏறும். அதனால் விரத நாட்களை ஒரு தாளில் எழுதி, அம்மாவோடு நீங்களும் கிளினிக்குக்குப் போங்கள். அவர் விரதம் இருக்கலாமா, இருந்தால் அன்றைக்கு மருந்தை எப்படி எடுப்பது என்று டாக்டரே சொல்லட்டும். நாமாக மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், விரதம் தொடங்குவதற்கு முன்பே இந்தப் பேச்சை முடித்துவிடுங்கள். நம் வழிபாட்டில் உடம்புக்கு முடியாதவர்களுக்கு விலக்கு எப்போதும் உண்டு.

"கோயில் என்ன கம்பெனியா?"

இப்படி எழுதினால் கேட்கக்கூடிய கேள்விகள் எங்களுக்குத் தெரியும்.

"கோயில் என்ன கம்பெனியா? எல்லாத்தையும் அம்மா பார்த்துக்குவா." அம்மா பார்த்துக்கொள்வாள், சந்தேகமே இல்லை. ஆனால் அவள் சந்நிதியில் நடக்கும் எதுவும் வரிசை இல்லாமல் நடப்பதில்லையே? குருக்கள் பூஜையைத் தொடங்கும்போது சங்கல்பம் செய்கிறார். எந்த வருஷம், எந்த மாதம், எந்தத் திதி, எந்த நட்சத்திரம், யாருக்காக, எதற்காக என்று முதலில் சொல்லிவிடுகிறார். தாளில் முதல் வரி எழுதுவதும் அதே மாதிரிதான். பிறகு விநாயகரை வணங்கி, ஒவ்வொரு படியாகப் போய், முடிவில் குறை இருந்தால் பொறுத்தருளும்படி கேட்டுக்கொள்கிறார். 12 வருஷத்துக்கு ஒருமுறை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் நடத்துகிறோம். கோபுரம் விழட்டும், பிறகு பார்க்கலாம் என்று யாராவது இருக்கிறோமா?

"ஜப்பான்காரன் சொல்லித்தான் நமக்குத் தெரியணுமா?" வேண்டியதில்லை. திருக்குறளில் வினைசெயல்வகை என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. ஒரு வேலையில் இறங்கும் முன் கையிருப்பு, சாதனம், நேரம், வேலையின் தன்மை, இடம் ஆகிய ஐந்தையும் சந்தேகம் தீர யோசித்துவிடச் சொல்கிறார் வள்ளுவர். நம்மிடம் இருப்பதை நாம் எடுத்துப் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

"முப்பது வருஷமாச் செய்யிறோம், எங்களுக்குத் தெரியாததா?" பெரியவர்களின் அனுபவத்துக்குத் தலை வணங்குகிறோம். அந்த அனுபவம் இல்லாமல் ஒரு திருவிழாவும் நடக்காது. ஆனால் ஆயிரக்கணக்கில் ஆபரேஷன் செய்த சர்ஜனுக்கும் சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டு வந்த அந்தப் பட்டியலில் 19 விஷயங்கள். அறையில் இருப்பவர்கள் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்லிக்கொள்வதும் அதில் ஒன்று. அவ்வளவு படித்தவர்கள் அதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பதில்லை. அதோடு, பெரியவர்களின் அனுபவம் அவர்கள் தலைக்குள்ளேயே இருந்தால் அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போகும்? அவர்கள் சொல்லட்டும், இளைஞர்கள் அந்த 555 புத்தகத்தில் எழுதட்டும்.

எல்லாவற்றுக்கும் தாள் போட முடியாது

வாழ்க்கையில் "ஏன்?" என்று கேட்டால் பதிலே வராத இடங்கள் இருக்கின்றன. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் காரணம் தேடிக்கொண்டு போகக்கூடாது. தீராத நோயோடு படுத்திருப்பவர் பக்கத்தில் தாளை விரிக்கக்கூடாது. அங்கே பேசாமல் பக்கத்தில் உட்காருவதுதான் தொண்டு. அந்தக் கண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் சந்நிதி இருக்கிறது. ஆனால் கூட்டு காலியாவதும், செருப்பு குவிவதும், கணக்கு இடிப்பதும், காலையில் சாக்ஸ் காணாமல் போவதும் அம்மன் வந்து தீர்க்கவேண்டிய விஷயங்கள் இல்லை. அதற்குத்தான் நமக்குக் கண்ணும் கையும் மூளையும் கொடுத்திருக்கிறாள்.

அதனால் அன்பர்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, குழுவில் ஒரு சிக்கலை எழுதும்போது ஆள் பெயர் இல்லாமல் எழுதுங்கள். எங்கே, எப்போது, என்ன நடந்தது, அது போதும். ராத்திரியில் கோபத்தோடு குரல் பதிவு வேண்டாம். காலையில் எழுதலாம்.

இரண்டு, ஒவ்வொரு ஆலயத்திலும் ஒரு 555 புத்தகம் தொங்கட்டும். உங்கள் ஆலயத்தில் இல்லை என்றால் நீங்களே ஒன்று வாங்கி மாட்டுங்கள். இதற்குக் கமிட்டித் தீர்மானம் தேவையில்லை.

மூன்று, உங்கள் ஆலயத்தில் வரிசையாக வந்துகொண்டிருந்த ஒருவர் திடீரென்று வராமல் போயிருந்தால், "யாரு சொல்லி நின்னுட்டாரு?" என்று விசாரிக்காதீர்கள். ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய், ஒரு தேத்தண்ணி குடித்துக்கொண்டே, ஏன் என்று கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு பதிலைக் கேளுங்கள்.

உங்கள் ஆலயத்தில் இப்படி ஒரு சிக்கலைத் தீர்த்த அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள். பெயர் வேண்டாம், வழியை மட்டும் சொல்லுங்கள். எங்கள் புத்தகத்திலும் எழுதி வைத்துக்கொள்கிறோம்.

அன்னை அருள் அனைவருக்கும் கிட்டட்டும்.

அன்புடன்,
ஆலயத் தொண்டூழியர்கள்